இருபது மைக்ரான்

ஜூன் 4
இன்று ஒரு முழு வரியை நானே எழுதினேன். இதுதான் அந்த வரி.

ஜூன் 9
எழுபத்திரண்டு வயதில் எழுத்து வந்திருக்கிறது. பேனாவைக் கீழே வைக்க மனமில்லை.

தொழிற்சாலையில் எனக்கு ஒட்டிய பட்டப்பெயர் இருபது. இருபது மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான். தலைமுடியை நெடுக நாலாகப் பிளந்தால் ஒரு கீற்று இருபது வரும். அந்தக் கீற்றுதான் பதினெட்டு வருஷ வேலையிலிருந்து என்னைத் தூக்கி எறிந்தது.

ஜூன் 15
நடந்தது இது. இரும்புத் தண்டுகளை மெஷினில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. தேய்த்த இரும்பு சூட்டில் பருத்திருக்கும். ஆறியபிறகுதான் அளக்கவேண்டும். அன்று வாசலில் லாரி நின்றது. போர்மேன் சுடச்சுட அளந்துவிட்டு, இன்னும் தேய் என்றார். ஆறட்டும் சார் என்றேன். கேட்கவில்லை. காலையில் பார்த்தால் பத்துத் தண்டும் இருபது மைக்ரான் குறைவு. பெரிதாக இருந்தால் தேய்க்கலாம். தேய்ந்ததை யார் வளர்ப்பது?

போர்மேன் ஒரு தாளை நீட்டினார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"வழக்கமானதுதான். வை."

எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பெருவிரலை வைத்தேன். அடுத்த வாரம் வேலை போயிற்று. கொடுத்த நகல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

ஜூன் 22
பெட்டியிலிருந்த நகலை எடுத்து மூன்று நாள் ஆயிற்று. படித்துவிட்டேன்.

‘போர்மேன் தடுத்தும் கேளாமல், தண்டு சூடாக இருக்கும்போதே நான் அளந்து தேய்த்தேன்.’

படுபாவி. நான் சொன்னத அவன் சொன்னதா மாத்தி, அதுக்குக் கீழ என் விரலயே வைக்க வச்சிருக்கான். முப்பத்தொரு வருஷமா இதுக்கு மேலயா வேட்டிய மடிச்சு வச்சேன்?

ஜூன் 23
பழிவாங்கப் போகிறேன் என்றேன். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த வாத்தியார் என் வீட்டுக்காரிதான்.

"முதல்ல பழிக்கு ஒழுங்கா ‘ழ’ போடுங்க."

பத்துத் தடவை எழுதவைத்தாள்.

ஜூலை 1
போர்மேனுக்குப் பார்வை போய்விட்டதாம். தொழிற்சங்க அறையில் சொன்னார்கள். சந்தோஷப்பட்டேன். தப்புதான். இருந்தாலும் பட்டேன்.

திட்டம் தயார். நடந்ததை ஒரு தாளில் எழுதுவேன். அவர் முன் நீட்டுவேன். என்ன எழுதியிருக்கு என்று கேட்பார். வழக்கமானதுதான், வை என்பேன்.

ஜூலை 10
இருபத்திரண்டு வரி. கை வலிக்கிறது. நல்ல வலி.

ஜூலை 14
போனேன். மகன் வீட்டில், ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். யார் என்றார். இருபது என்றேன். தாளை மடியில் வைத்தேன்.

"என்னப்பா எழுதியிருக்கு?"

பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்கவேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. தாளைத் திரும்ப வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்தேன். மகன் டிவியை அணைத்தான். மருமகள் குழாயை மூடிவிட்டு, சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். போர்மேனுக்கு வேர்த்தது.

"போதும்ப்பா."

"இன்னும் நாலு வரி இருக்கு சார். எனக்கு மெதுவாத்தான் வரும்."

வேகமாகப் படிக்க வராததற்கு இன்றுதான் சந்தோஷப்பட்டேன்.

முடித்ததும் அவராகவே கையை நீட்டினார். பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் வைத்தது நான்.

ஜூலை 16
ஒரு நகலைச் சங்க அறைப் பலகையில் குத்தினேன். நின்று படித்தார்கள். பழக்கதோஷத்தில் ஒருத்தன் "வா இருபது" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்போது போர்மேன் பெயர் ‘சூடு’.

ஜூலை 25
அந்த மருமகள் போன் செய்தாள். மாமாவுக்குச் செய்தித்தாளை நிதானமாகப் படித்துக்காட்ட ஆளில்லையாம். வீட்டில் எல்லோரும் அவசர அவசரமாகப் படிக்கிறார்களாம், என்னை வரச் சொன்னாராம்.

போவேன், தினமும். முதலில் அந்தத் தாள், இருபத்திரண்டு வரியும். பிறகு செய்தி.