பௌர்ணமி நோட்டு

திருவண்ணாமலை
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தின் நடுவில் இதை மடித்து வைக்கிறேன். அம்மாவின் கடிதத்தை வழக்கம்போல அறையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும், அதற்கு முன்னால் இதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அறையில் இருக்கிறார் என்பதற்காகக் குமரேசன் அண்ணனிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர் கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டுக்குப் போன் செய்தால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செய்தி இங்கே வந்து இறங்கிவிடும். போனில் சொல்லலாம் என்றால் போன் கீழே ரிசப்ஷனில், அப்பாவின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரை அப்பா போர்வை போட்டு மூடிவிட்டார். அதனால்தான் இந்தத் தாள்.

நீங்கள் நலமா அண்ணா? இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பால் நலம். அம்மாவின் கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், உடம்பால் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் தயாராக இருக்கிறது, மஸ்கட் வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவாள். வெயிலில் வெறும் காபியைக் குடித்துக்கொண்டு இருக்காதே, மோர் குடி என்று மூன்று தடவை எழுதச் சொன்னாள், இரண்டு தடவை எழுதினேன். அந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் படிக்கவே முடியாமல் அடித்திருப்பேன் பாருங்கள். சகாதேவனை அனுப்பிட்டது என் மனசுக்கு ஒப்பலடா என்பதுதான் அந்த வரி. சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள், பிறகு, வேணாம் இனியா அதை அடிச்சிடு, தூரத்துல இருக்கிற புள்ளைக்கு ஏன் அந்தக் கவலை என்றாள். நான் அடித்தேன். அப்படியும் தெரிகிறதோ என்று மேலே இன்னொரு தடவை அடித்தேன். சகாதேவன் மாமாவை வேலையை விட்டு அனுப்பியது அப்பா என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்பா இல்லை அண்ணா, நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் லாட்ஜின் பதினோரு அறையையும் உலகத்தில் எங்கிருந்தும் ஆன்லைனில் புக் செய்யலாம், உங்கள் ஓட்டலில் எல்லாம் அப்படித்தான் என்று நீங்கள் பொங்கல் லீவில் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அப்பா ஆசைப்பட்டார், அவரைவிட நான் ஆசைப்பட்டேன். சித்திரை ஒன்றாம் தேதி கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பக்கத்து லாட்ஜ்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்துத் திறந்தோம். சென்னை கம்பெனி செய்து கொடுத்த இன்டர்நெட் பக்கம் வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. நம் லாட்ஜின் படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது, மொட்டை மாடி வந்தது, ஜன்னல் வந்தது, வாசல் வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. சகாதேவன் மாமா, வாசலே இல்லாத லாட்ஜுக்குள்ள ஜனம் எப்படிங்க முதலாளி வரும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது பிறகு எப்படி முளைத்தது என்று சொல்கிறேன்.

முதல் வாரத்திலிருந்தே தொல்லைதான். நெட் போட்டால் போன் எங்கேஜ்டு, போன் பேசினால் நெட் வராது, நமக்கு இருப்பது ஒரே லைன். வருஷக்கணக்காக வருகிறவர்கள் எல்லாம், என்னய்யா எந்நேரமும் யார் கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க என்று சண்டை போட்டார்கள். புக் செய்கிறவர்கள் அந்த இன்டர்நெட் பக்கத்தில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும், அவர்கள் மறுபடி அழுத்துவார்கள், ஒரே ஆளுக்கு மூன்று அறை விழும். புக் ஆனதா இல்லையா என்று பதிலே போகாது. கம்பெனிக்குப் போன் செய்தால், சர்வர்ல பிராப்ளம் சார், சாயந்திரம் சரியாயிடும் என்று தினமும் ஒரே பாட்டு. திட்டி ஈமெயில் வரும், எல்லாம் இங்கிலீஷில். அப்பா என்னைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்காங்க என்பார். இவ்வளவு கேவலமான சேவையை நான் பார்த்ததே இல்லை, உங்களை நம்பி வயசானவர்களை எப்படிக் கூட்டி வருவது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அப்பாவிடம், பதில் கொஞ்சம் லேட்டா வருதாம்பா என்றேன். எல்லாவற்றையும் அப்படித்தான் கம்மி பண்ணிச் சொன்னேன். மோசம் என்று தெரிந்தால் அப்பா அதை நிறுத்திவிடுவார் என்று பயம். ரிசப்ஷனில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார் அண்ணா, வருகிறவர்களிடம் எல்லாம் இவதான் எங்க மேனேஜரம்மா என்று சொல்வார். அந்த நாற்காலியை விட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஈமெயில்களை உள்ளபடி படித்துக் காட்டியிருந்தால் சித்ரா பௌர்ணமிக்கு முன்பே எல்லாம் நின்றிருக்கும்.

என் வேலை என்ன தெரியுமா, போனில் சொன்னவர்களின் பெயரைச் சகாதேவன் மாமா பச்சை அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுவார், அதைப் பார்த்து நான் சாயந்திரம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அந்த அறைகள் நிரம்பிவிட்டன என்று நெட்டில் காட்டும். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், பௌர்ணமிக்கு வரோம் என்பார்கள், அவரும் பௌர்ணமி என்று மட்டும் எழுதுவார். சித்ரா பௌர்ணமிக்கு நோட்டில் பதினோரு அறைக்கும் பெயர் இருந்தது. நான் சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமையில் வெள்ளை வட்டம் போட்டிருந்தது, பதினொன்றையும் செவ்வாயில் ஏற்றினேன். திதி திங்கட்கிழமை சாயந்திரமே பிறந்து செவ்வாய் சாயந்திரம் முடிகிறது, ஜனம் சுற்றுவது திங்கட்கிழமை ராத்திரி. இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. பாப்பா ஏத்திட்டியா, ஒரு வாட்டி என்கிட்ட படிச்சுக் காட்டிடேன் என்று அவர் கேட்டார். அதெல்லாம் வேணாம் மாமா, கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்றேன். அடேயப்பா, திதி கூடப் பாக்குமா, அப்ப அய்யருக்கு வேலை இல்லைன்னு சொல்லு என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். திங்கட்கிழமை பதினோரு அறையும் காலி என்று நெட்டில் காட்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அந்த இன்டர்நெட் பக்கம் நன்றாக வேலை செய்தது. இரண்டே நாளில் அத்தனையும் புக் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு முதல் வேன் வந்தது, பெங்களூர்க்காரர்கள், கையில் புக்கிங் அச்சடித்த தாள். நோட்டில் இருக்கிற ஆட்கள்தானே என்று சகாதேவன் மாமா நோட்டைப் பார்க்காமலே சாவி கொடுத்தார். அப்புறம் சேலத்திலிருந்து ஒரு வாத்தியார், முழங்காலில் ஆபரேஷன் செய்த தன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் நோட்டில் இருந்தவர்கள். ஆறு மணிக்குள் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு குடும்பம் நின்றது. ஒருவர் தாளை அப்பாவின் முகத்துக்கு நேராக ஆட்டி, இது என்னங்க கல்யாணப் பத்திரிகையா, வந்து மொய் எழுதிட்டுப் போகவா என்று கேட்டார். இன்னொருவர், கம்ப்யூட்டர்லயே படுத்துக்கச் சொல்றீங்களா என்றார். அன்றைக்கு ஊரில் ஒரு லாட்ஜில்கூட இடம் கிடையாது. ஆரணி மணியம்மாள் அத்தையும் அவர் தங்கை சரோஜா அத்தையும் பத்து வருஷமாகச் சித்ரா பௌர்ணமிக்கு நாலாம் நம்பரில்தான் தங்குவார்கள், அவர்கள் மட்டும் சத்தம் போடவில்லை. படியில் உட்கார்ந்து, நோட்டுல எங்க பேரை எழுதி வெச்சிருப்பியே சகாதேவா, எடுத்துக் காட்டேன் என்றார்கள். அப்பாவும் நோட்டை எடுய்யா என்றார்.

நோட்டு அங்கே இல்லை அண்ணா. முதல் வேன் வந்தபோதே நான் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டேன், திங்கள், செவ்வாய், எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நான் செய்தது தெரியும் என்று நோட்டை எடுத்து என் ஸ்கூல் பைக்குள் கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். கிழிக்க வேண்டும், எரிக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை, அந்த ராத்திரி கழியட்டும் என்றுதான். சகாதேவன் மாமா மேசையைக் குடைந்தார், அலமாரியைப் பார்த்தார், பாய்களை உதறினார். கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லைங்க முதலாளி என்றார். அப்பா அத்தனை பேர் முன்னாலும், ஞாபகம் இல்லையா, வேணும்னே பண்ணியிருக்க, கம்ப்யூட்டர் வந்தா உன் சவடால் செல்லாதுன்னு நோட்டைத் தொலைச்சிட்டு நிக்கிற, வாசல் இல்லைன்னு அன்னிக்குச் சிரிச்சவன்தானே நீ என்றார். அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பதினெட்டு வருஷம், நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவர். சேலத்துப் பாட்டியை அம்மா என் கட்டிலில் படுக்க வைத்தாள். மணியம்மாள் அத்தையும் தங்கையும் பையைத் தலையில் வைத்துக்கொண்டே பதினாலு கிலோமீட்டர் சுற்றிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டார்கள், இனி வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மறுநாள் செவ்வாய் ராத்திரி பலகையில் பதினோரு சாவியும் வரிசையாகத் தொங்கின. ஒருவரும் வரவில்லை. நான் ஏற்றி வைத்த கணக்குப்படி அன்றைக்குத்தான் லாட்ஜ் நிரம்பி வழிய வேண்டும்.

இப்போது அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். டவுனில் ஒரு லாட்ஜுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார், ரூம் வேணுமா சார் ரூம் என்று ஒவ்வொரு பஸ்ஸாக ஓடுகிறார். முந்தாநாள் அம்மாவோடு போனபோது பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வேலூர் பஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் சங்கத்தில் கூட்டம் இருக்கிறது. சகாதேவனை யாரும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்று அதில் எழுத்தில் கொடுக்கப் போவதாக அப்பா சொல்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் அவர் கடைசிவரை பஸ் பின்னால்தான் ஓட வேண்டும். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும், அப்போதும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மீதி இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வழக்கம்போலப் போன் செய்யும்போது அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது. என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். நீயே ஏன் சொல்லக் கூடாது என்று கேட்பீர்கள். பத்து நாளாகத் தினமும் காலையில் அப்பாவுக்குக் காபி கொண்டுபோகும்போது சொல்லத்தான் போகிறேன். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். அவர் இன்னமும் என்னை மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது, அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நேற்றுதான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து, வருஷம் முழுவதும் ஒவ்வொரு பௌர்ணமியும் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பிறக்கிறது, எப்போது முடிகிறது, ஜனம் சுற்றுவது எந்த ராத்திரி என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறார். சித்திரைக்கு நேராகத் திங்கள் ராத்திரி என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். ஒரு பக்கம் திருப்பியிருந்தால் போதும் அண்ணா.

அம்மா சொன்ன ஆசீர்வாதத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன், இந்தத் தாள் வெறுங்கையோடு வர வேண்டாம். அண்ணாமலையார் உன்னைக் கண்ணிமைபோல் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதே, தீபத்துக்காவது லீவு கேட்டு வா. மறந்துவிடாதீர்கள், அந்த வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு முன்னால்

அண்ணா, கதவு தட்டுகிறது. அப்பாதான். இனியா, தூங்கிட்டியாம்மா என்கிறார். போனில் ஆள் காத்திருக்கிறாராம், வைகாசிப் பௌர்ணமிக்குப் பத்துப் பேர் வருகிறார்களாம், சுற்றுவது புதன் ராத்திரியா வியாழன் ராத்திரியா என்று கேட்கிறாராம். சகாதேவன் இருந்தா சொல்லிடுவான், எனக்குத் தெரியலம்மா, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன் என்கிறார். காலண்டரைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் அண்ணா. நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத்