சித்தி வீட்டுச் சுவரில் வரிவால் பல்லி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, படகுத்துறை டிக்கெட் கவுன்டரில் எனக்குப் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள், முதுகுக்கு இதமாக இருக்கிறது. எல்லாம் சரி, வயிறுதான் எரிகிறது. சாப்பாட்டால் வந்த எரிச்சல் இல்லை, உன் சித்தியால் வந்தது.

தாத்தா வீட்டை எனக்கும் அவளுக்குமாகப் பிரித்தபோது, சாந்து பூசிய பாதியை மூத்தவள் என்ற உரிமையில் நான்தான் கேட்டு வாங்கினேன். கொடி படர்ந்து ஈரம் கசியும் பழைய கல்சுவர் அவள் பங்குக்குப் போனது, பாவம் என்றுகூட நினைத்தேன். போன மாதம் அந்தக் கொடியை வெட்டும்போது கல்லிடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி இருந்திருக்கிறது. வாலில் வரிவரியாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். உடனே ஒரு பெண் வந்து இறங்கினாள், தெருவில் எல்லாரும் அவளைப் பல்லி டாக்டர் என்கிறார்கள். இந்த வரிவால் பல்லி நம் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது, அழிந்தே போச்சு என்று நினைத்திருந்தோம் என்று சொல்லி அவள் சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவ்வளவுதான், பேப்பரில் படம், வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாங்கில் மேனேஜரே எழுந்து நின்று பாராட்டினாராம். பேப்பரில் வந்த படத்தில் என் கொல்லையில் காய்ந்த போர்வை தெரிகிறது, என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் பக்கமும் இருக்காதா என்று தேடினேன். கொல்லை விளக்குக்குக் கீழே கொழுகொழுவென்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, வாலிலும் ஏதோ கோடு மாதிரி பட்டது, பல்லி டாக்டருக்குப் போன் போட்டேன். அவள் வந்து ஒரே பார்வைதான் பார்த்தாள். "ஆன்ட்டி, இது கப்பல் பல்லி. சரக்குப் பெட்டியில ஒளிஞ்சு வந்து எறங்கினது. இதுதான் வரிவாலோட குஞ்சைப் பிடிச்சுத் திங்குது" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி, "எங்கக்கா வீட்ல எல்லாமே ஃபாரின் சரக்குதான்" என்றாள் பார், இரண்டு பேரும் சிரித்தார்கள். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குக் கப்பல் பல்லி வருகிறது, அதனால் அந்த விளக்கைப் போடாமல் இருக்க முடியுமா என்று பல்லி டாக்டர் என்னைக் கேட்டாள். உன் சித்தியின் பல்லி பிழைக்க நான் இருட்டில் கிடக்கவேண்டுமா? எங்க வீட்டுக்காரர் தடுக்கி விழுந்தா யார் தூக்கறது என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் நீ சித்தியைக் கூப்பிட்டு வாழ்த்தினாய். முதலில் அவளை, மறுநாள் என்னை. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, கொல்லையில் நின்றால் அவள் பேசுவது அத்தனையும் கேட்கும். அன்று சாயங்காலமே பெரிய பல்பாக வாங்கி மாட்டினேன்.

மாட்டிச் சில நாள் இருக்கும், விளக்கைப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போனேன். இரண்டு கொல்லைக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கல்சுவரின் மேல் விளிம்பில் ஒரு தடிக் கப்பல் பல்லி, அதன் வாயில் வரிவரியாக ஒரு குட்டி வால் துடித்துக்கொண்டிருக்கிறது. துணிக்கோலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். வால் மட்டும் அதன் வாயில் நின்றது, குஞ்சு கீழே விழுந்து கல்லிடுக்கில் ஓடிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு நேரே சித்தி வீட்டுக்குப் போய், பல்பு மாற்றியது உள்பட எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பாள் என்று பார்த்தால், "தெரியும்க்கா, என் சமையக்கட்டு வரைக்கும் வெளிச்சம் அடிச்சுதே" என்றாள். அப்புறம் ஏண்டி கேக்கலை என்றேன். "கேட்டா பேச்சை நிறுத்திடுவ. ஊரே வந்து பாத்துச்சு, நீ ஒரு தடவை எட்டிப் பாக்கலை. உனக்கென்ன, எப்பவும் போன் அடிக்குது. எனக்கு இந்தப் பல்லி வந்தப்புறம்தானே நம்ம பொண்ணே கூப்பிட்டா" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நம்ம பொண்ணாம். என் பொண்ணு என்று திருத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். இரண்டு பேருமாகப் போய் டார்ச்சைத் துணியால் மூடிப் பிடித்துப் பார்த்தோம், குஞ்சு மொட்டை வாலோடு கல்லிடுக்கில் உட்கார்ந்திருந்தது. இப்போது எங்கள் கொல்லையில் விளக்கு கிடையாது, அப்பா முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு போகிறார்.

நீ ஆயுசோடும் நல்ல பேரோடும் இருக்கவேண்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு. லீவுக்கு வரும்போது மறந்தும் பூந்தொட்டி எதுவும் கொண்டுவராதே, மண்ணுக்குள் வெளியூர்த் தவளை ஒளிந்து வருகிறது என்று துறைமுகத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கிறார்கள். சித்திக்கும் அடிக்கடி போன் செய், பாவம், குழந்தை குட்டி இல்லாதவள். ஆனால் எனக்குச் செய்துவிட்டு அப்புறம் செய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா