சாம்பிராணி ஆகாத மிஷின்

ஆடி, வெள்ளி. காற்று.
ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மழையில் நனைந்த வருஷம். எங்கள் கிணறு பாதிக்கு மேல் ஏறிய வருஷம். எனக்கு எழுத்து தெரியாது. போனில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது.

பழைய விசைத்தறிக் கொட்டகையில் மகள் செல்வியின் மிஷின் ஓடியது. வெயிலில் கரண்ட் தரும் பிலிம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் சுருள் அவிழும், மை பூசும், காயும், மறுபக்கம் சுற்றும். தறியில் பாவு நூல் ஓடுகிற மாதிரிதான். துணி போல மடங்கும்.

சாயங்காலம் இசக்கியம்மாள் வந்தாள். அந்த நாளில் எங்கள் தறிகளுக்கு ஊடு நூல் தார் சுற்றியவள், இப்போது பூ வியாபாரம். வெள்ளிக்கிழமை தறிக்குச் சாம்பிராணி காட்டும் பழக்கம் அவளை விடவில்லை. செல்வி பார்ப்பதற்குள் மிஷினைச் சுற்றிப் புகை. நானும் கும்பிட்டேன்.

சனி. காற்று நிற்கவில்லை.
சுருள் முழுக்க வீண். ஈர மையில் புகைத்தூள்.
செல்வி: "ஒட்டுன இடத்துலல்லாம் கரண்ட் கசியுதுப்பா."
பூ வியாபாரிகள் சங்கத்திலிருந்து குடைக்குப் பிலிம் கேட்டவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். அவர் வேண்டாமென்றால் கொட்டகை கல்யாண மண்டபமாகும், செல்வி பழையபடி கோயம்புத்தூர் வேலைக்கு.
இசக்கி: "மிஷினுக்குப் புகை ஆகாதுன்னு முதல்லயே சொல்லணும்லா அண்ணாச்சி? மூச்சு முட்டுறதுக்கு அது என்ன பச்சப்புள்ளையா?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு.
கொட்டகையைக் கழுவினோம். தலையில் துண்டு கட்டி இசக்கியும். முதுகுவலி.

திங்கள்.
புதுச் சுருள். வாசலில் காவல் இசக்கி. "பீடியோட எவனாவது உள்ள காலு வச்சீங்களோ, பாத்துக்கோ!"
எனக்கும் அனுமதி இல்லை.

செவ்வாய். மேகம். வெயிலே இல்லை.
வந்தவர் வானத்தைப் பார்த்தார். "வெயில் அடிக்கட்டும்மா, பாக்கலாம்."
"இதுக்கே ஓடும் சார்" என்றாள் செல்வி. அவரைப் பூக்கடைக்குக் கூட்டிப் போனாள்.
அங்கே இசக்கியின் குடைமேல் பிலிம், அடியில் சின்ன விசிறி. இசக்கி குடையை விரித்தாள்.
சுற்றியது! மெதுவாகத்தான். கட்டி வைத்த மல்லிகைச் சரம் ஆடியது. அவரே குடையை மடக்கினார், விரித்தார். மறுபடியும் சுற்றியது. செல்வியிடம் கை நீட்டினார். "செய்யுங்கம்மா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் வேணும்."
"பாத்தீரா அண்ணாச்சி? சாமி புகை இல்லாமலும் வந்துட்டாரு!" இசக்கி போட்ட சத்தத்தில் பஸ் ஏறப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

கொட்டகையில் முதல் தறி ஓடியபோது என்னோடு நின்றவர்கள் சண்முகம், பேச்சிமுத்து, வேலு. மூன்று பேரும் இல்லை. இன்னும் இருக்கிறவள், இன்று குடைக்கடியில் காற்று வாங்கியவள், இசக்கியம்மாள்.