கடைக்குள் வந்த மேகம்

அன்புள்ள வாண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் தொப்பை எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்த்தே உன்னைப் படிக்கவைத்தேன். இப்போது பார், பெட்டியே வேண்டாம், விளையாட்டு எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டுக்குப் படம் மட்டும் வரும் என்கிற கிளவுட் கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. நீயோ, அப்பா பிழைப்பில் மண்ணைப் போடுகிற வேலை எனக்கெதற்கு என்று தயங்கிக்கொண்டு, அதற்கு எதிர்காலம் உண்டா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தாற்போல!

கடையிலேயே சோதித்தேன். கிளவுட் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று உள்ளூர ஆசை, மறைப்பானேன். ஒரு பக்கம் நம் வாடிக்கைக்காரர் பல் டாக்டர், மறுபக்கம் உன் அம்மா, கால்பந்து. பந்து வலைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் கோல்கீப்பர் பாய்ந்தான், பந்தி முடிந்தபின் வந்து இலை தேடும் உன் மாமாவைப் போல. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளவுடாவது மண்ணாவது என்று அளந்துகொண்டிருக்கும்போதே உன் அம்மா எழுந்து இணையம் தருகிற மோடத்தைத் தேடினாள். தூசி படுமே என்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். "வாயைக் கட்டிப் போட்டுட்டு பாட்டு வரலைன்னா எப்படிங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். வெளியே எடுத்து வைத்ததும் ஆட்டம் வெண்ணெயாய் வழுக்கியது. டாக்டர் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றார். அன்று மத்தியானம் நான் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே நியாயமாகச் சொல்கிறேன். இணையம் நொண்டுகிற வீடுகளில் பெட்டி இன்னும் வெகுகாலம் இருக்கும், காசு கொடுத்த விளையாட்டு கையில் இருக்கவேண்டும் என்கிற என் போன்ற பிடிவாதக்காரர்களும் இருப்பார்கள். ஆனாலும் உன் கிளவுட் ஜெயிக்கும் அம்மாடி, தயங்காமல் போய்ச் சேர். கடை என்னாகும் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், உண்மைதான். மூன்றாம் நாள் அந்த டாக்டர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டிலும் கிளவுட் போட்டு மனைவியோடு ஆடித் தோற்றிருக்கிறார். பிரித்தால் ஜாய்ஸ்டிக், இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. "கை நழுவிடுச்சு சார்" என்றார். சுவர் வரைக்குமா நழுவியது என்று கேட்டதற்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டு ஆகாயத்தில் ஓடட்டும், தோற்றவன் கோபம் கையில் இருப்பதன்மேல்தானே பாயும்! மறுநாளே பலகையில் "ஜாய்ஸ்டிக் சரிசெய்யப்படும்" என்று பெரிதாக எழுதவைத்துவிட்டேன்.

எடுத்த காரியம் ஜெயித்து, நூறு வயது சிரித்துக்கொண்டு இரு. கம்பெனிக்கு இன்றே சம்மதம் எழுதிப் போடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் போட்டிக் கம்பெனி முதலாளி,
அப்பா