மூடி போட்டேனா?

8.10.2024, செவ்வாய்

இன்று மலைப்பாதையின் முப்பத்தொன்றாவது வளைவில் மானம் போனது. வண்டியும் அங்கேதான் நின்றது.

நேற்று சேந்தமங்கலம் பங்கில் டீசல் அடித்துவிட்டு டேங்க் மூடியை அங்கேயே விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது வளைவு ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி இறங்குவதா? சோம்பல். சீட்டுக்கு அடியில் கிடந்த துணியைச் சுருட்டி டேங்க் வாயில் அடைத்தேன். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காலையில் அன்னாசி லோடோடு இறங்கினால், இன்ஜின் நாலு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. பின்னால் பஸ் வழியில்லாமல் நிற்கிறது. மெக்கானிக் அப்பாசாமி வந்து துணியை உருவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உதறினார். என் பெண்டாட்டி பொன்னம்மாளின் பழைய ரவிக்கை. கொக்கியோடு.

"ஏனுங்க, வண்டிக்குக் குளுருதுங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

9.10.2024, புதன்

ரவிக்கைக் கதை மகளுக்குப் போய்விட்டது. அம்மாக்காரி சொல்லாமல் இருப்பாளா? கலைமணி விமான நிலையத்தில் டெக்னீசியன். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. நிரந்தரமா இல்லையா என்று இந்த மாதக் கடைசியில் தெரியும். விமானத்துக்கு எண்ணெய் ஏறும்போது கூட நின்று பார்ப்பதும் அவள் வேலையில் ஒன்று.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி கனமுங்கப்பா, எண்ணெய்க்கு அடியில போய் உக்காந்துக்கும். அதனால டேங்கோட அடியில இருக்கிற வால்வை அமுக்கி, கொஞ்சம் கண்ணாடிச் சாடியில புடிச்சுப் பாப்போம். தண்ணி இருந்தாத் தனியாத் தெரியும். தெளியற வரைக்கும் வடிப்போம்."

"மழையே இல்லைன்னாலுமா?"

"மேல இருக்கற குளுருக்கு, காத்துல இருக்கற ஈரமே தண்ணியாயிருமுங்க. ரவிக்கை இல்லாமயே வரும்."

13.10.2024, ஞாயிறு

மலைமேல் சோளக்காடு ஊரில் டீக்கடை வைத்திருக்கும் குழந்தைசாமியிடம் பெருமை பேசப் போய் மாட்டிக்கொண்டேன். விமானத்தில் சீட்டுக்கு அடியில் டேங்க், பெட்ரோலில் ஓடுகிறது என்று அடித்துவிட்டேன். அவன் விடுவானா? "கலைமணிக்கே போனைப் போடுங்க" என்றான். போட்டேன்.

எல்லாம் தப்பு. பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் ஜாதி. இருப்பது பெரும்பாலும் இறக்கைக்குள்ளே. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குமாம். உள்ளே இருக்கும் எண்ணெயின் பாரம் அதைக் கீழே அமுக்குவதால் இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு வலி குறைவாம். டேங்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புகள். விமானம் சாய்ந்தாலும் எண்ணெய் ஒரே பக்கம் ஓடிவிடாது, பம்ப் எப்போதும் முங்கியே இருக்கும். நம் வண்டியில் கொஞ்சம் டீசலோடு வளைவு ஏறினால் அது ஓரமாக ஒதுங்கி இன்ஜின் திணறுகிறதே, அந்தக் கதையே அங்கே கிடையாது. கணக்கும் கிலோவில்தான். வெயிலுக்கு லிட்டர் விரியும், கிலோ விரியாது.

போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போக எண்ணெய், அதற்கும் மேலே கொஞ்ச நேரம் வட்டமடிக்க எண்ணெய், இவ்வளவும் இருந்தால்தான் கிளம்புவார்களாம். ரிசர்விலேயே எழுபது வளைவும் ஏறிவிட்டு மீசையை முறுக்குகிறவன் நான்.

குழந்தைசாமி டீயை நீட்டி, "சீட்டுக்கு அடியில வெச்சுக் குடிங்க" என்றான்.

16.10.2024, புதன்

புது மூடி வாங்கிச் சங்கிலியும் போட்டாயிற்று. ரவிக்கையைப் பொன்னம்மாள் திரும்பக் கேட்கவில்லை.

24.10.2024, வியாழன்

கலைமணி போனில் அழுதாள். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

இறக்கைக்கு அடியில் எண்ணெய்க் குழாய் மாட்டுகிற வாய் இருக்கிறது. குழாயைக் கழற்றியதும் மூடியைப் போட்டுத் திருக வேண்டியது அவள் பொறுப்பு. ஆட்கள் ஏறி, விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு — மூடி போட்டேனா? ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஓடிப்போய், மூடி மேல் சந்தேகம் என்று மட்டும் மேலாளரிடம் சொல்லிவிட்டாள். விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பார்த்தால், மூடி இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

"அதுக்கெதுக்குச் சாமி அழுவற? நல்லதுதானே?"

"எல்லாரும் மொறைக்கறாங்கப்பா. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு விமானத்தையே திருப்பீட்டான்னு. செவ்வாக்கிழமை விசாரணை. வேலை இருக்குமான்னே தெரியலீங்க."

"மூடி இல்லாமயே போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உள்ள தானா மூடிக்கிற வால்வு ஒண்ணு இருக்குதுங்க. அது புடிச்சுக்கும். ஆனா அது இருக்குதேன்னு விட்டா, மூடி எதுக்குங்கப்பா?"

மூடி! போயும் போயும் மூடி. என் ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

25.10.2024, வெள்ளி

பொன்னம்மாள் கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னது: "மூடியை மறக்கறது உங்க வம்சம். நடுவழியில நிறுத்தித் திரும்பிப் பாத்தாளே, அது என்ற பொறந்த வீட்டு வம்சம்."

நானும் ஒரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

28.10.2024, திங்கள்

தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு அணைப்பு கட்டிக்கொண்டிருந்தபோது கலைமணி கூப்பிட்டாள். குரல் விட்டுவிட்டு வந்தது. எங்கள் பக்கம் டவர் அப்படித்தான்.

"அப்பா, கூட வேலை செய்யற பிரேம் ஒண்ணு சொல்றான். மூடிகிட்ட எண்ணெய் கசிஞ்சு ஈரமாத் தெரிஞ்சுது, அதனாலதான் சந்தேகம்னு சொல்லீருன்னு. மறந்துட்டேன்னு சொன்னா, கவனமில்லாதவன்னு அனுப்பீருவாங்களாம். ஈரம்னா யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்களாம். நீங்க என்னங்கப்பா சொல்றீங்க?"

யோசிக்கவே இல்லை. "சொல்லீரு கண்ணு! ஈரம்னே சொல்லீரு!" கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு தடவையும் கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனைப் பார்த்தால் டவர் சுத்தமாகப் போயிருந்தது. எதுவரை கேட்டாள்? தெரியாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினேன். வேலைக்குள் போய்விட்டாள் போல, அவள் போன் அணைந்திருந்தது.

என் சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. "என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் பொன்னம்மாள். சொன்னேன். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"நாளைக்கு அந்த விமானத்துல நாம ஏறுனா?"

பெத்த மவ வேலை போகக் கூடாதுன்னு நெனைக்கறது ஒரு குத்தமா? குத்தம்தான் போல.

29.10.2024, செவ்வாய்

விசாரணை இன்று. காலையிலிருந்து அவள் போன் அணைந்தே இருக்கிறது. நேற்று நான் கத்தினது அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது. விழுந்திருக்கவே கூடாது சாமி.

30.10.2024, புதன்

வேலை போகவில்லை! நிரந்தரமும் ஆகிவிட்டது!

மேட்டில் நின்றே பேசினேன், ஒரு சொல் விடாமல் கேட்டது. "ஈரம் ஏதாச்சும் பாத்தியாம்மான்னு பெரிய அதிகாரி கேட்டாருங்கப்பா. இல்லீங்க, மூடி போட்டது ஞாபகமில்லைன்னேன். அதுக்கு அவரு, பாத்தேன்னு நீ சொல்லியிருந்தா, இல்லாத கசிவைத் தேடி அந்த விமானத்தை நிறுத்தி எறக்கையைப் பிரிச்சிருப்போம், ஆளுங்களுக்கு மறதி வருதுங்கறதைப் பாக்காமயே விட்டிருப்போம்னாரு."

இனிமேல் ஒருத்தர் மூடி போட்டால் இன்னொருத்தர் கையால் தொட்டுப் பார்த்து, இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். இவளால் வந்த புது ஏற்பாடு. கொஞ்ச நாள் ஒரு மூத்த ஆளோடு சேர்ந்து வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான்.

ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடு இறங்கியது. குழந்தைசாமி கடையில் டீ குடித்தேன். தேன் மாதிரி இனித்தது. சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவன் பிறகு சொன்னான்.

10.11.2024, ஞாயிறு

கலைமணி லீவில் வந்தாள். சேந்தமங்கலத்தில் டீசல் அடித்து, பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிக்கொண்டேன். பன்னிரண்டாவது வளைவு வந்ததும் — மூடி போட்டேனா? ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. "மூடி இருக்குது!" என்று வாய்விட்டும் சொன்னேன். அவளும் இறங்கி வந்து தொட்டுப் பார்த்து, "இருக்குதுங்க!" என்றாள். பின்னால் பைக்கில் வந்தவன் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனான்.

வண்டியில் ஏறியதும் சொன்னாள்: "விசாரணைக்கு மொத நாள் உங்களைக் கேட்டேனே, ஈரம்னு சொல்லட்டுமான்னு. நீங்க ஒண்ணுமே பேசலை. எவ்வளவு நேரம் காதுல வெச்சுட்டு நின்னேன் தெரியுமுங்களா? அப்பா வாயைத் தொறக்கலைன்னா அது தப்புதான்னு அப்பத்தான் புரிஞ்சுது. நீங்க 'சொல்லீரு'ன்னிருந்தா சொல்லியிருப்பேனுங்க."

கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்து அவள் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள்.

கியர் போட்டு வண்டியை எடுத்தேன். அது மௌனம் இல்லை கண்ணு, டவர் இல்லை. எழுபதாவது வளைவு வரைக்கும் நாக்கு நுனியிலேயே இருந்தது. சொல்லவில்லை.