இன்வொய்சில் இருந்த பெயர்

எட்மண்டன், லண்டன்

அன்பு மகள் பெனிற்றாவுக்கு,

நானும் அப்பாவும் ஆண்டவர் துணையால் நலம். சிங்கப்பூர் வெக்கையிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாகப் படிக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே மூன்று நாளாக மழை, அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு.

மாமாவின் பனங்கட்டி விஷயம் முடிந்துவிட்டது மகள். துறைமுகத்தில் கிடந்து கசிந்துபோனதை நேற்று அழித்துவிட்டார்களாம். மன்னாரிலிருந்து அவர் அனுப்பிய முதல் ஏற்றுமதி. காய்ச்சிக் கொடுத்த பெண்களுக்குத் தன் உழவு மெஷினை விற்றுக் கூலி கொடுத்திருக்கிறார். உன்னிடம் போனில் நான் பாதியைத்தான் சொன்னேன். காசுக்கு வங்கி உறுதி கொடுத்த எல்.சி.யில் வாங்குபவராக என் பெயர், அப்பாவின் பெயரோடு, றூபினி கஸ்பர்; மாமா சரக்குக்கு அனுப்பிய இன்வொய்சில் எழுதியது செபமாலைமுத்து றூபினி. பத்திரம் பொருந்தாவிட்டால் வங்கி காசு கொடுக்காது என்பது சட்டம் படிக்கிற உனக்குத் தெரியும். ஆனால் வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, இந்த வித்தியாசத்தை ஏற்கிறேன் என்று ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். அதைத்தான் உன்னிடம் மறைத்தேன். என்னிடம் வாங்குவதாகச் சொன்ன ஈஸ்ட் ஹாம் கடைக்காரர் அந்தக் கிழமைதான் தனக்குச் சரக்கு வேண்டாம் என்று பின்வாங்கியிருந்தார், வந்திறங்கினால் யாருக்கு விற்பேன் என்று பயந்துபோனேன். அது என் பெயர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் ஒன்றும் தெரியாமல், சட்டப்படி நீங்கள் சரி அம்மா என்றாய்.

நேற்று மாமா போன் எடுத்தார். கோபிக்கவே இல்லை. "பிழை என்ரைதான் தங்கச்சி. உன்ரை பேரை எழுதேக்கை கை தன்பாட்டிலை அப்பான்ரை பேரை முன்னுக்குப் போட்டிட்டுது. உன்ரை பள்ளிக்கூடக் கொப்பியளுக்கு நான்தானே பேர் எழுதித் தாறனான்" என்றார். பிறகு, "லண்டன் வங்கிக்காரனுக்கு எங்கடை அப்பரைத் தெரியாதுதானே" என்று சிரித்தார். நான் ஓம் அண்ணை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வங்கிக்குத் தெரியாதுதான், எனக்குத் தெரியுமே.

படித்து முடித்து இப்படியான பத்திரங்கள் உன் மேசைக்கு வரும்போது, பொருந்தாத பெயரைக் கண்டதும் கோடு போட்டுவிடாதே. எழுதியவரை ஒருமுறை கேள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அன்று பின்னேரம் மறக்காமல் நீ அவருக்குப் போன் எடு. என்னோடு கதைக்காவிட்டாலும் உன்னோடு கதைப்பார்.

மாதா உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
செபமாலைமுத்து றூபினி