குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு

12 ஜூலை 1984, வியாழன். மாதுங்கா.

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு, பக்கத்தில் தூங்குகிற இவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையில் நந்தினி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கைகூப்பி நின்று, "சாரி மை லார்ட், சாரி மை லார்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் வக்கீலுக்குப் படிக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அப்பா தெனம் குளிக்கறச்சே சொல்றாரே. சொல்லிட்டு அழறார்."

தண்ணீர்ச் சத்தம் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கறுப்புக் கோட்டைக் கழற்றும்போது கேட்டேன். இவர் மறுக்கவில்லை. தாராவியில் ஒரு கட்சிக்காரரின் வீட்டை இடிக்காமலிருக்கத் தடை கேட்க வேண்டிய அன்று, ஜட்ஜ் ஒரு அதட்டல் போட்டதும் இவருக்கு நாக்கே எழவில்லையாம். வீடு போய்விட்டது. அதிலிருந்து கோர்ட் படி ஏறினாலே நெஞ்சை அடைக்கிறதாம்.

"ஏன்னா, மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போலாமே."

"கோர்ட் பார் ரூம்ல மத்த வக்கீல்களுக்குத் தெரிஞ்சா பைத்தியக்கார வக்கீல்னு பேர் வெச்சுடுவா. அப்புறம் எவன் கேஸ் கொடுப்பான்? இதுக்கு ஒரு வாய்தா வாங்கிக்கறேன், விடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்துபோனேன்.

இந்தப் பக்கத்தை உங்கள் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் திறந்தே வைக்கிறேன். நானும் கூட வரேன். டாக்டரிடம் போகலாமா? எழுந்ததும் பதில் சொல்லுங்கோ.